முதலில் காரை ஏற்றுங்கள்

இந்த முறை கார். அதிலும் ஒரே ஒரு கார், அதில் ஒரே ஒரு பிரச்சினை. கார் பிடிக்காதவர்கள் அடுத்த கட்டுரை வரை பொறுத்துக்கொள்ளவும் :-)

விஷயம் இதுதான். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை யாரோ ஒருவர் வாங்கி, ஸ்பிரிங் மாற்றி, தரையோடு தரையாக இறக்கி வைத்து, நாலைந்து கை மாறி, கடைசியில் ஒரு மாணவன் கையில் வந்து சேர்கிறது. வந்து சேரும்போது ஷாக் அப்ஸார்பர் செத்துப் போயிருக்கிறது. ரப்பர் எல்லாம் வெடித்திருக்கிறது. எதை மாற்றுவது? எந்தக் கம்பெனி வாங்குவது? இப்படிக் கேட்டவுடன் எல்லோரும் கம்பெனிப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. கம்பெனிப் பெயர் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, சக்கரம் மேலே ஏறுவதற்கு இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இடம் பாக்கி இருக்கிறது என்பது. அதற்குப் பதில் தெரியாமல் வாங்குகிற எந்தப் பாகமும் தண்டச் செலவு.

நான் பேசுகிற கார் மஸ்டா மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5. கண் சிமிட்டுவதுபோல் ஹெட்லைட் எழும்புமே, அந்தக் கார்தான். 1997 வரை வந்த அந்த முதல் தலைமுறையை என்.ஏ. என்பார்கள், 1998இல் தொடங்கிய அடுத்ததை என்.பி. என்பார்கள். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, இரண்டே சீட், பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அறுபதுகளின் லோட்டஸ் எலான் மாதிரி ஒரு சின்னக் காரை ஒழுகாத எஞ்சினோடு செய்து காட்டியது மஸ்டா. 2016 ஏப்ரலில் மொத்த உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. அமெரிக்காவில் காலேஜ் பசங்கள் கையில் இந்தக் கார் நிறைய உண்டு. என் அறைத்தோழனிடமும் ஒன்று, 1992 மாடல். இங்கே நான் சொல்வதெல்லாம் அவனோடு போட்ட சண்டையில் பாதி.

அவன் கார் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால், பார்க்கிங்கில் சக்கரம் முட்டாமல் நிறுத்த வைத்திருக்கும் சிமெண்ட் கட்டையில் முன்பக்கம் உரசும். பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி விட்டபடி நிற்கும் மியாட்டாவில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும், கொஞ்சம் ஜீப் மாதிரி. அதைக் குறைக்க ஆசைப்படுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளி சும்மா விட்ட இடம் இல்லை. சஸ்பென்ஷன் வேலை செய்கிற இடமே அதுதான்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். எண்களை எளிமைக்காக உருட்டியிருக்கிறேன். ஓட்டுகிறவரையும் சேர்த்துக் காரின் எடை 1,050 கிலோ என்று வைப்போம். சக்கரம், பிரேக் போன்ற ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சாமான்களைக் கழித்தால் மூலைக்குச் சுமார் 220 கிலோ. சக்கரத்தில் வைத்து அளந்தால் ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும் என்று வைப்போம். அப்போது உடம்பு விநாடிக்கு ஒன்றரைத் தடவை ஆடும், அதாவது 1.5 ஹெர்ட்ஸ். ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல எண்.

இனி, கம்பெனி உயரத்தில் பம்ப் ஸ்டாப் தொடும் வரை சக்கரம் மேலே ஏற 60 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் நுரை ரப்பர் துண்டு. இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசி நேரத்தில் தாங்குவது அதுதான்.) காரை 40 மி.மீ. இறக்கிவிட்டால் பாக்கி 20 மி.மீ. ஸ்பிரிங் கடினம் அதேதான் என்றால் அந்த மூலையில் இன்னும் 40 கிலோ ஏறினால் போதும், பம்ப் ஸ்டாப் தொட்டுவிடும். ஒரு வளைவை மிதமான வேகத்தில், அரை 'ஜி' விசையில் எடுக்கும்போதே வெளிப்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 80 கிலோ கூடுதலாக ஏறுகிறது. அதில் ஒரு பங்கை ஆன்டி-ரோல் பார் பிடித்துக்கொண்டாலும் மிச்சம் 40க்கு மேலேதான். ஆக, பள்ளமே இல்லாத நல்ல ரோட்டில், சாதாரண வளைவிலேயே, கார் நுரை ரப்பர் மேல் உட்கார்ந்துவிடுகிறது.

உட்கார்ந்தால் என்ன? இதைத்தான் நண்பன் கேட்டான். சொகுசு போகும், அவ்வளவுதானே, நாங்கள் இளைஞர்கள், முதுகு தாங்கும் என்றான்.

சொகுசு மட்டும் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பம்ப் ஸ்டாப் தொட்ட அந்த நொடியில் அந்த மூலையின் கடினம் திடீரென்று பல மடங்காகிறது. அந்தப் பக்கத்து டயர் மீது சுமை குப்பென்று ஏறுகிறது, பிடிமானம் குறைகிறது. முன்பக்கம் முதலில் தொட்டால் கார் வளைய மறுத்து நேராகப் போகும். பின்பக்கம் முதலில் தொட்டால் வால் வெளியே வீசும். மியாட்டாவில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,265 மி.மீ. மட்டுமே. அவ்வளவு குட்டையான கார் சுழல ஆரம்பித்தால் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருத்த உங்களுக்குக் கிடைப்பது மிகக் கொஞ்ச நேரம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுச் சரிவு, மழை, நடுவில் பாலத்து இணைப்பில் ஒரு சின்ன மேடு. இந்த மூன்றும் சேரும் இடம் எங்கள் ஊரில் தினசரி வழியிலேயே இருக்கிறது. பழைய மியாட்டாவில் ஏர்பேக் ஓட்டுபவருக்கு மட்டும்தான், பக்கத்தில் உட்காருகிற ஆளுக்குக் கிடையாது. பக்கத்தில் உட்காருகிற ஆள் நான் :-)

"அப்போ ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் போச்சு" என்பது அடுத்த வாதம். நியாயமான வாதம்தான், எவ்வளவு கடினம் என்று கேட்கும் வரை. 60 மி.மீ.யில் தாங்கிய 120 கிலோவை 40 மி.மீ.யில் தாங்க, மில்லிமீட்டருக்கு 3 கிலோ ஸ்பிரிங் வேண்டும். ஆட்டம் 1.8 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். இறுக்கம்தான், ஆனால் தினமும் ஓட்டலாம். அதே 120 கிலோவை 20 மி.மீ.யில் தாங்க வேண்டுமென்றால் மில்லிமீட்டருக்கு 6 கிலோ. மூன்று மடங்கு! 2.6 ஹெர்ட்ஸ். அது பந்தயத் தடத்துக்கான எண். கடையில் 'லோயரிங் ஸ்பிரிங்' என்று பெட்டியில் போட்டு விற்பவை பெரும்பாலும் இதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. உயரத்தை எடுத்துக்கொள்கின்றன, அதற்கு ஈடான கடினத்தைத் தருவதில்லை. ஏன்? உண்மையான கடினத்தைக் கொடுத்தால் வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து விடுவார்.

கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியவர்களைப் பற்றி என்ன சொல்ல. எட்டு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கடினம் 14 சதவீதம்தான் கூடும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடினால், இருக்கிற ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதைத் தவிர அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆகவே என் வரிசை இப்படி. கடைக்குப் போகும் முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை, நாலு மூலையிலும். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாற்றினால் அந்த எண் பொய்யாகிவிடும். இரண்டாவது அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஷாக்கின் பளபளக்கும் தண்டில் அதைக் கட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான வழியில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. நண்பன் காரில் கட்டினோம். பின்பக்கம் இரண்டும் பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டிய இடம் வரை போயிருந்தன. இருக்க வேண்டிய இடம் என்று சொல்வதற்குக் காரணம், பம்ப் ஸ்டாப்பே இல்லை. முப்பது வருஷத்து நுரை, தொட்டால் பிஸ்கட் தூள் மாதிரி கொட்டியது. இரும்புதான் இரும்பை இடித்துக்கொண்டிருந்தது. அவன் "சத்தம் வருது, ஷாக் போயிடுச்சு" என்று நினைத்ததன் பாதி இதுதான்.

அளந்த பிறகு உயரத்தை முடிவு செய்யுங்கள். தெருவில் ஓடும் காருக்குக் கம்பெனி உயரத்திலிருந்து 20, 25 மி.மீ. இறக்கம் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வட்டிக்கு வாங்குகிற கடன். இதைச் சொன்னபோது நண்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "டேய், உலகத்துல எல்லாரும் காரை இறக்கச் சொல்லுவாங்க. ஏத்தச் சொல்ற ஒரே ஆள் நீதான்டா" என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மாற்ற வேண்டிய பாகங்களில் முதல் இடம் புஷ்களுக்கு. ஷாக்குக்கு இல்லை, புஷ்களுக்கு. விஷ்போன் ஆர்ம்கள் பாடியோடு சேரும் இடத்திலெல்லாம் ரப்பர் புஷ் இருக்கிறது. நடுவிலும் வெளியிலும் இரும்புக் குழாய், இடையில் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, விட்டால் திரும்புகிறது. போல்ட்டை எந்த உயரத்தில் இறுக்கினார்களோ அந்த உயரத்தில்தான் ரப்பர் முறுக்கில்லாமல் இருக்கும். இங்கே ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டைத் தளர்த்தாமல் காரை 40 மி.மீ. இறக்கினால், அன்றிலிருந்து அத்தனை புஷ்ஷும் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இரவும் பகலும். இறக்கிய காரில் ரப்பர் சீக்கிரம் கிழிவதற்கு இது ஒரு காரணம். கிழிந்த புஷ்ஷோடு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் சக்கரம் தான் நினைத்த திசையில்தான் பார்க்கும்.

ரப்பரா பாலியூரித்தேனா என்று ஒரு பட்டிமன்றம் உண்டு. பாலியூரித்தேன் கெட்டி, ஆயுள் அதிகம், கையாலேயே தள்ளி மாட்டலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது முறுக்குவதில்லை, வழுக்கிச் சுழல்கிறது. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். தெருவில் ஓடும் காருக்கு நான் ரப்பர் பக்கம். மஸ்டாவே என்.ஏ. கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017இல் ஜப்பானில் அறிவித்தது, அதற்காகச் சில பழைய பாகங்களை மறுபடி தயாரிக்கவும் செய்தது. ரப்பர் பாகங்கள் கிடைக்கிற வரை வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட். இவை இரண்டும் ஷாக் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. மியாட்டாக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: என்.பி. காரின் மேல் மவுண்ட் என்.ஏ. காரிலும் பொருந்தும். அதன் வடிவம் ஷாக் தண்டின் தலையைக் கொஞ்சம் மேலே பிடிப்பதால் அமுங்குவதற்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. உயரத்தைத் தியாகம் செய்யாமல் கிடைக்கிற மில்லிமீட்டர் இது ஒன்றுதான். ஷாக் வாங்கும்போதே எந்த மவுண்டுக்கு, எந்த பம்ப் ஸ்டாப்போடு என்று கேட்டு வாங்க வேண்டும். இடம் போதவில்லை என்று பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டச் சொல்லும் ஆலோசனையும் காதில் விழும். ஷாக்குக்கு உள்ளே பிஸ்டன் நகர இடம் மிச்சம் இருந்தால்தான் அதில் அர்த்தம். இல்லாவிட்டால் பிஸ்டன் போய் அடியில் இடித்து, புது ஷாக்கும் காலி.

இப்போதுதான் ஷாக். ஸ்பிரிங் என்ன கடினமோ அதற்குத் தகுந்த ஷாக் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்பிரிங் கடினம் ஒன்றரை மடங்கானால் ஆட்டத்தை அடக்கும் விசையும் சுமார் 22 சதவீதம் கூட வேண்டும் (வர்க்கமூலக் கணக்கு). கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி உயரம் என்று போகத் தயாரானவர்களுக்கு கேஒய்பி எக்ஸல்-ஜி மாதிரி சாதாரண ஷாக்கே போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி மியாட்டா அருமையாக ஓடும். கொஞ்சம் இறக்கி ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது கோனி ஸ்போர்ட், அந்த மஞ்சள் நிறத்தது. ஷாக் திரும்பி நீளும்போது தடுக்கும் விசையை முறுக்கி மாற்றலாம், ஸ்பிரிங் தட்டை வேறு வேறு காடியில் உட்காரவைத்து உயரத்தையும் ஓரளவு மாற்றலாம். நண்பன் வண்டியைத் தேவையான அளவுக்கு ஏற்ற இது ஒன்றே போதும். பில்ஸ்டைனில் ஒரு எச்சரிக்கை: பி6 என்பது கம்பெனி உயரத்துக்கானது, பி8 என்பது இறக்கிய கார்களுக்காக உடம்பைக் குட்டையாக்கியது. இரண்டும் மஞ்சளாக இருக்கிறது என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

காயில்ஓவர்? எனக்கு அதன் மேல் பகை இல்லை. ஆனால் மலிவான காயில்ஓவர் செட்டை ஒரு பெட்டியில் பார்த்ததும் எல்லாப் பிரச்சினைக்கும் அதுவே மருந்து என்று நினைக்கிறார்கள். மரையுள்ள உடம்பு, திருகினால் இறங்கும், திருகினால் ஏறும். திருகிய கை எப்போதும் கீழேதான் திருகுகிறது! சிலவற்றில் ஸ்பிரிங் தட்டு மட்டும் நகரும். அப்படி இறக்கினால் அமுங்கும் இடம் குறைகிறது, பழைய கதைதான். சிலவற்றில் அடி மவுண்டே நகரும். அதில் இறக்கினாலும் ஷாக்குக்குள் இடம் குறையாது, உண்மை. ஆனால் டயர் மேலே போய் மட்கார்டுக்குள் எங்கே இடிக்கும் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல காயில்ஓவர் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் மாணவர்கள் மயங்கிவிடுவார்கள்.

நண்பன் முதலில் பேசிய கடையில் சொன்னது, "புஷ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் காயில்ஓவர் போடு" என்று. கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் புரிகிறது. காயில்ஓவர் மாட்ட ஒரு மதியம் போதும். புஷ் மாற்ற ஆர்மைக் கழற்ற வேண்டும், பிரஸ்ஸில் வைத்துப் பழையதைத் தள்ள வேண்டும், போல்ட் வேறு அசையாது. குளிர்காலத்தில் உப்புத் தூவும் ஊரில் ஓடிய மியாட்டா என்றால் இது நிச்சயம். கீழ் ஆர்மில் அலைன்மென்டைத் திருத்துவதற்காக வைத்திருக்கும் கேம் போல்ட்கள் புஷ்ஷின் நடுக்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அந்த போல்ட் சுழலாவிட்டால் அலைன்மென்டே செய்ய முடியாது. காரை இறக்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது, டோவும் மாறுகிறது. அதைத் திருத்த முடியாமல் விட்டால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும் வரை தேயும், வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். அவன் பின்டயர்கள் அப்படித்தான் இருந்தன.

கடைசியாகக் கேட்டபோது அவன் பட்டியலில் புஷ் செட், நாலு பம்ப் ஸ்டாப், என்.பி. மவுண்ட், புது கேம் போல்ட்கள் வந்திருந்தன. ஷாக்குக்கு இன்னும் காசு சேர்க்கிறான். உயரத்தில் மட்டும் 30 மி.மீ. இறக்கம் என்று அடம்பிடிக்கிறான். நான் 20இல் நிற்கிறேன். எதுவானாலும் போல்ட்களை முழுதாக இறுக்குவது கார் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது மட்டும்தான், அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டுகிறவர் எடைக்கு சீட்டில் ஏதாவது வைக்க வேண்டும், என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். சீட்டில் வைக்க அரிசி மூட்டை என் செலவு.